கண்மாய்ப் புத்தகமும் பத்து வலைப்பூக்களும்

2025 ஆகஸ்டு கடைசியில் அச்சகத்திலிருந்து 300 பிரதிகள் வந்து இறங்கின. கூடத்தில் அரிசி மூட்டை வைக்கும் மூலையில் ஆறு அட்டைப்பெட்டிகள். 192 பக்கம், 220 ரூபாய், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்கள் என்னும் பாசன நீர்நிலைகளைப் பற்றியது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு நான்கு வருடம் கரை கரையாக நடந்து எழுதியது. புத்தகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இதுவும் விளம்பரமாகிவிடும். நான் சொல்ல வந்தது விளம்பரம் செய்த கதையை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அட்டைப்படத்தை முகநூலில் போட்டேன். "வாழ்த்துகள் டீச்சர்" என்று நூறு பேருக்கு மேல் எழுதினார்கள். வாங்கியவர்கள் ஏழு பேர், அதில் நான்கு பேர் சொந்தக்காரர்கள். அடுத்து வாட்ஸ்ஆப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், சேர்த்தேன். பதில் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. நம் எண்ணை யார் தன் போனில் சேமித்து வைத்திருக்கிறாரோ அவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய மாணவர்கள் எண்ணெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் என் எண்ணை வைத்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அண்ணன் மகன் கோயம்புத்தூரில் கணினி வேலை பார்ப்பவன். ஆயுதபூசைக்கு வந்தவன் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "அத்தே, வெளிநாட்டுல ப்ளாக் டூர்னு ஒண்ணு பண்ணுவாங்க. எழுத்தாளர் ஊர் ஊராப் போயி கையெழுத்துப் போடுறதுக்குப் பதிலா, தினம் ஒரு ப்ளாக்குக்குப் போவாங்க. வீட்டை விட்டு நகர வேண்டாம்" என்றான்.

சங்கதி எளிதுதான். பத்து நாள் என்றால் பத்து வலைப்பூ. முதல் நாள் ஒருவர் பேட்டி போடுவார், மறுநாள் இன்னொருவர் ஒரு பகுதியைப் போடுவார், மூன்றாமவர் மதிப்புரை எழுதுவார். ஒவ்வொருவரும் கடைசி வரியில் நாளைக்கு எங்கே என்று கைகாட்டிவிடுவார்கள்.

"இப்ப எவன்டா வலைப்பூ படிக்கிறான்?" என்றுதான் கேட்டேன். வலைப்பூக்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தபோது நானும் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். காலையில் திரட்டியைத் திறந்து யார் என்ன எழுதினார் என்று பார்த்துவிட்டுத்தான் காப்பி. அந்தப் பழக்கம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், முகநூலில் போட்டது இரண்டு நாளில் அடியில் போய்விடுகிறது. வலைப்பூவில் போட்டது கிடந்த இடத்திலேயே கிடக்கும். இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் "கலிங்கு என்றால் என்ன" என்று கூகுளில் தட்டினாலும் அங்கே வந்து நிற்பார். என் மாதிரிப் புத்தகத்துக்கு அந்த வாசகர்தான் வாசகர். சரி, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதற்குள் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

தேதி குறிப்பது பெரிய வேலையாக இல்லை. அக்டோபர் 20 தீபாவளி. அந்த வாரம் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆரம்பித்து நவம்பர் 2 ஞாயிறு முடிய பத்து நாள். கடைசி நாள் சாயங்காலம் ஜூமில் ஒரு கூட்டம்.

பத்து பேரைப் பிடிப்பதுதான் பாடாக இருந்தது. புத்தக மதிப்புரை எழுதும் பதினான்கு பேருக்கு ஒரே கடிதத்தை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். மூன்று பதில் வந்தது. அதில் இரண்டு, "கட்டணம் எவ்வளவு?" என்பது. காசு கொடுத்து மதிப்புரை வாங்குவதில்லை என்று நாங்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால் அது அங்கேயே நின்றது. ஒரே ஒருவர் புத்தகத்தை அனுப்புங்கள், பிடித்தால் எழுதுகிறேன் என்றார். பெரிய வாசகர், அதுவே போதும் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று ராத்திரி எனக்கே உறைத்தது. என் புத்தகம் இலக்கியம் இல்லை. கண்மாய் யாருக்கு வேண்டியிருக்கிறதோ அவர்களிடம் அல்லவா போக வேண்டும்? பறவை பார்க்கிறவருக்குக் கண்மாய் வேண்டும், கல்வெட்டுப் படிக்கிறவருக்கு வேண்டும், மீன்குழம்பு வைக்கிறவருக்கும் வேண்டும். ஒரு தாளை எடுத்துத் தண்ணீர் வரும் வழியைப் படமாகப் போட்டேன். வரத்துக்கால் (தண்ணீர் வந்து சேரும் கால்வாய்), உள்வாய் (தண்ணீர் நிற்கும் பரப்பு), கரை, மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வழி), மடைக்கல், வயல், மீன், ஊருணி (குடிநீர்க் குளம்), கலிங்கு (மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழி). ஒன்பது வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைப் பற்றி ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடினேன். பத்தாவது கடல் கடந்த கரை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த முறை கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொருவருடைய பதிவிலும் ஐந்தாறைப் படித்தேன். பறவைப் பதிவர் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களைப் பற்றி முன்பே எழுதியிருந்தார். பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த செய்திதான். அவருக்கு நான், "உங்கள் பதிவில் பறவை இருக்கிறது. பறவைக்கு உட்கார மரம் தரும் உள்வாய் எப்படி வருடாவருடம் மேடாகிக்கொண்டே போகிறது என்று என் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது, அதை உங்களுக்காக வேறு மாதிரி எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில். பதின்மூன்று கடிதத்துக்கு ஒன்பது பேர் சரி என்றார்கள். இதைவிடப் பெரிய பாடம் இந்தக் கதையில் எனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே இதற்குமேல் நீட்டவில்லை.

எல்லோருக்கும் ஒரு பொதி அனுப்ப வேண்டும் என்றான் மருமகன், அந்த அண்ணன் மகன்தான். அட்டைப்படம் பெரிது ஒன்று, சிறிது ஒன்று, ஐம்பது சொல்லில் ஒரு குறிப்பு, நூற்றைம்பது சொல்லில் ஒரு குறிப்பு, என்னைப் பற்றி நான்கு வரி, என் புகைப்படம், பக்கம், விலை, ஐ.எஸ்.பி.என்., வாங்கும் இணைப்பு, புத்தகத்திலிருந்து எடுத்த பகுதி. பகுதியை எடுக்கப் போனபோதுதான் முதல் இடி.

அச்சுக்குப் போன பி.டி.எஃப்.இலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்து ஒட்டினால், "கண்மாய்" வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வந்தது. பக்கம் வடிவமைத்தவர் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் போட்டிருக்கிறார். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது தமிழே இல்லை. நான் யூனிகோடில் தட்டிக் கொடுத்த மூலக் கோப்பு இருந்தது, ஆனால் மெய்ப்புத் திருத்தமெல்லாம் வடிவமைப்பில்தான் ஏறியிருந்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றினோம். தொண்ணூற்றைந்து சதவீதம் சரியாக வந்தது. மீதியைக் கண்ணால் தேட வேண்டும். "வரப்புயர" என்ற வாழ்த்தைப் பற்றி ஒரு பத்தி உண்டு. அதில் ஔவையாரின் "ஔ" மாறி, "ஒ"வும் "ள"வும் தனித்தனியாக நின்றது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் தேடுபொறிக்கு அது வேறு சொல், ஔவையைத் தேடுகிறவர் அந்தப் பக்கத்துக்கு வரவே மாட்டார். மூன்று நாள் போயிற்று. அடுத்த புத்தகத்துக்கு, கடைசி மெய்ப்பு முடிந்ததும் யூனிகோட் கோப்பும் சேர்த்துக் கொடுத்தால்தான் மிச்சப் பணம் என்று வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடப்போகிறேன்.

இரண்டாவது இடி விழுவதற்கு முன்பே தப்பித்தோம். மின்நூலை அமேசான் கிண்டிலில் போட்டு, அவர்களுடைய கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்திருந்தான் மருமகன். இந்தியாவில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் அதில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35. ஒரு முறை சேர்ந்தால் 90 நாள். அந்த 90 நாளும் அந்த எழுத்து மின்வடிவில் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. மாதிரிக்கு என்று பத்து சதவீதம் மட்டும் வெளியே வைக்கலாம். நானோ பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படிப் போட்டால் முக்கால்வாசிப் புத்தகம் வலையில் இலவசமாகக் கிடக்கும். 192 பக்கத்தில் பத்து சதவீதம் 19 பக்கம். அந்த 19 பக்கத்தைப் பத்து வீட்டுக்குப் பிரித்தேன், கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பாயசம் ஊற்றுகிற மாதிரி. மீதியை எல்லாம் புதிதாக எழுதினேன். அது கூடுதல் வேலைதான், ஆனால் நல்லதாகவே முடிந்தது. புத்தகத்தில் இல்லாத சங்கதியாக இருந்ததால் புத்தகம் வாங்கியவர்களும் பதிவுகளைப் படித்தார்கள்.

அடுத்தது வாங்கும் வழி. இதில்தான் அதிகம் அடிபட்டேன், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பழைய வலைப்பூவைத் தூசி தட்டி, புத்தகத்துக்கென ஒரு பக்கம் போட்டோம். பிளாகரில் தலைப்பைத் தமிழில் வைத்தால் முகவரி தானாக "ப்ளாக்-போஸ்ட்" என்று ஒரு எண்ணோடு வரும், பார்த்தால் எதைப் பற்றியது என்றே தெரியாது. வேர்ட்பிரஸில் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்ச் சங்கடம். தமிழ்த் தலைப்பு அப்படியே முகவரியாகி, வாட்ஸ்ஆப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "கண்மாய்" என்ற ஒரு சொல் மட்டும் சதவீதக் குறியும் எண்ணுமாக 63 எழுத்து. என் அக்கா அதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று அழித்துவிட்டாள். பதிவை வெளியிடுவதற்கு முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகக் கைப்பட வைத்துவிட வேண்டும். பத்துப் பேருக்கும் இதைச் சொன்னேன். ஏழு பேர் கேட்டார்கள்.

பிறகு முன்தோற்றப் படம். இணைப்பை ஒட்டினால் கீழே ஒரு சின்னப் படம் வருமே, அது. எங்கள் பக்கத்தில் முதலில் இருந்த படம் பணம் அனுப்புவதற்கான யு.பி.ஐ. கட்டம். ஆகவே எந்தக் குழுவில் இணைப்பைப் போட்டாலும் புத்தகத்தின் முகமாக அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம்தான் வந்து நின்றது. ஊர்க்காரர்கள் குழுவில் ஒருவர், "டீச்சர், உங்க நம்பரை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று தனியாகப் போன் செய்தார். நல்ல மனிதர். கட்டத்தைக் கீழே தள்ளிவிட்டு அட்டைப்படத்தை மேலே ஏற்றினோம். அட்டை நெட்டையானது, முன்தோற்றம் அகலமானது. தலைப்பில் பாதி வெட்டுப்பட்டது. கடைசியில் 1200க்கு 630 அளவில் அகலவாக்கில் தனிப்படம் ஒன்று செய்து வைத்தோம். அப்போதும் முகநூலில் பழைய படமே வந்துகொண்டிருந்தது, அது ஒருமுறை எடுத்து வைத்ததையே திரும்பத் திரும்பக் காட்டும். ஷேரிங் டீபக்கர் என்று அவர்களே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், அதில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால் சரியாகிவிடுகிறது.

மூன்றாவது, ஆர்டர் படிவம். கூகுள் படிவத்தில் பெயர், முகவரி, போன், கடைசியாகப் "பணம் அனுப்பிய படத்தை ஏற்றவும்" என்று வைத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் வைத்தேன். கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்று இருந்தாலே கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். மதுரையிலிருந்து ஒரு பெரியவர், "பாஸ்வேர்டு கேக்குதும்மா, பேரனுக்குத்தான் தெரியும், அவன் பெங்களூர்ல இருக்கான்" என்றார். எத்தனை பேர் போன் செய்யாமலே போனார்களோ. படம் வேண்டாம் என்று எடுத்துவிட்டு, 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைத் தட்டச் சொல்லி மாற்றினேன். அன்று ராத்திரியே நான்கு ஆர்டர்.

அதே படிவத்தில் இன்னொரு வசதி இருக்கிறது, இது உண்மையிலேயே உதவியது. "எங்கே பார்த்தீர்கள்?" என்ற கேள்விக்கு விடையை முன்கூட்டியே நிரப்பி ஒரு தனி இணைப்பு எடுக்கலாம். பறவைப் பதிவருக்கு ஒன்று, சமையல் பதிவருக்கு ஒன்று எனப் பத்து இணைப்பு. வாங்குகிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம், எந்த வாசல் வழியாக வந்தார் என்று நமக்குத் தெரிந்துவிடும். கிண்டில் பக்கத்தில் இந்த வசதி இல்லை. எத்தனை விற்றது, எத்தனை பக்கம் படித்தார்கள் என்று வரும். யார் அனுப்பி வந்தார்கள் என்று வராது.

கரையில் நின்று நேரலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. "மெய்நிகர்ச் சுற்று" என்று பெயர் வைத்துவிட்டு வெறும் எழுத்தோடு நிறுத்துவானேன்? யூட்யூபில் ஒரு சேனல் திறந்தோம். முதல் நேரலைக்கு அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகும் என்றது, காத்திருந்தோம். பிறகு பார்த்தால், கைப்பேசியிலிருந்து நேரலை போக குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். எங்களுக்கு 37. மடிக்கணினியைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், அங்கே சிக்னல் ஒரு கோடுதான் வரும். ஆகவே முன்கூட்டியே படம் பிடித்துத் துண்டு துண்டாகப் போடுவது என்று முடிவு. யோசித்தால் அதுவே மேல். நேரலையில் என் இருமலும் சேர்ந்து போயிருக்கும்.

தீபாவளிக்கு மறுநாள் காலை ஆறரைக்குப் போனோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது, கண்மாயில் கால்வாசித் தண்ணீர். காற்று மைக்கில் நுழைந்து முதல் மூன்று துண்டும் புஸ்ஸென்று இரைச்சலாக வந்தது. மருமகன் தன் காலுறையைக் கழற்றி மைக்குக்கு மாட்டிவிட்டான். துவைத்ததுதானா என்று நான் கேட்கவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினேன், தெளிவாக வந்தது. மடைக்குப் பக்கத்தில் நீர்பாய்ச்சி, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர், ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "மடையை எப்படித் திறப்பீங்க, சொல்லுங்கண்ணே" என்று போனை நீட்டினால், "அதான் நீங்க புஸ்தகத்துலயே எழுதிட்டீங்களே டீச்சர்" என்று நழுவினார். போனை அணைத்துப் பைக்குள் வைத்த பிறகு அரைமணி நேரம் பேசினார். அந்த அரைமணி நேரம் எதிலும் பதிவாகவில்லை. நினைவிலிருந்து எழுதி வேளாண்மைப் பதிவருக்குக் கொடுத்தேன்.

சுற்று ஆரம்பித்ததும் முதல் நாள் சைக்கிள் பதிவர், வரத்துக்காலை ஒட்டியே பதினோரு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, எங்கெங்கே அடைத்து வீடு கட்டியிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். நான் கொடுத்த பகுதியைக் கடைசியில் இரண்டு பத்தி போட்டிருந்தார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் எழுதியது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கல்வெட்டுப் பதிவர் என் ஊர் மடைக்கல்லில் தொடங்கி, முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரிவாரியம் என்ற ஏரியைக் கவனிக்கும் குழு வரைக்கும் போய் வந்தார்.

ஒன்பதாம் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், ஏரிகளைப் பற்றி எழுதுகிறவர். நான் அனுப்பிய குறிப்பைப் பார்த்ததும் போன் செய்து, "அம்மா, கண்மாய்னு தலைப்பு வச்சா எங்க ஆளுங்க யாரும் திறக்க மாட்டாங்க. எங்களுக்கு ஏரி. உங்களுக்குக் கலிங்கு, எங்களுக்குக் கலங்கல். நிறைஞ்சு வழிஞ்சா உங்க ஊர்ல மறுகால் பாயும், இங்க ஏரி கோடி போகும்" என்றார். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை, புத்தகத்தில் ஓர் அட்டவணையே இருக்கிறது. ஆனால் விளம்பர வாசகத்தை எழுதும்போது என் ஊர்ச் சொல்லையே பத்து ஊருக்கும் அனுப்பியிருக்கிறேன். திருநெல்வேலிக்காரருக்கு அது குளம். எங்கள் ஊரிலேயே பேச்சில் கம்மாய்தான், கண்மாய் என்று யார் சொல்கிறார்கள்? மதுரைப் பக்கத்திலிருந்து தேடுகிறவர்களும் "கம்மாய்" என்றுதான் தட்டுவார்கள். அன்று உட்கார்ந்து எல்லாக் குறிப்பையும் திருத்தினேன். முதல் வரியில் அந்தந்த ஊரின் சொல், இரண்டாம் வரியில் மற்ற சொற்கள். செங்கல்பட்டுப் பதிவின் தலைப்பு, "ஏரி கோடி போனால் யாருக்குச் சந்தோஷம்?" அவர் வைத்தது. பின்னூட்டங்களில் முப்பது பேர் தங்கள் தங்கள் ஊர்ச் சொல்லைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வந்து, "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் எங்க ஆர்.எஸ். மங்கலம், அதைச் சொல்லாம என்ன புத்தகம்?" என்று கேட்டார். சொல்லியிருக்கிறேன், 61ஆம் பக்கம். அவரும் ஒரு பிரதி வாங்கினார்.

பத்தாவது, டொரண்டோவில் இருக்கும் ஒரு பெண், இலங்கையில் வன்னியில் பிறந்தவர். "அக்கா, நீங்கள் மடை எண்டு எழுதியிருக்கிறதுக்கு நாங்கள் துருசு எண்டு சொல்லுறது. குளம் நிறைஞ்சால் வான் பாயும். எங்கட அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்தவர்" என்று எழுதியிருந்தார். என் புத்தகத்தில் இருந்து ஒரு பகுதியும் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு பேரும் மாறி மாறிக் கடிதம் எழுதினோம், எங்கள் ஊர் மடைக்கு ஒன்று, அவர் ஊர்த் துருசுக்கு ஒன்று. ஆறு கடிதம். அதை அப்படியே பதிவாகப் போட்டார். புத்தகத்தின் பெயர் அதில் ஒரே ஒரு முறைதான் வருகிறது.

அன்று சாயங்காலம்தான் ஜூம் கூட்டம். அழைப்புப் படத்தை அக்டோபர் நடுவில் செய்தோம். இந்திய நேரம் இரவு 7, சிங்கப்பூர் 9.30, லண்டன் மதியம் 2.30, டொரண்டோ காலை 9.30. எல்லாம் கூகுளில் பார்த்துப் போட்டதுதான், போட்ட அன்றைக்குச் சரிதான். ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறு. அதாவது எங்கள் கூட்டம் நடந்த அதே ஞாயிறு அதிகாலை! நாங்கள் தொடங்கியபோது டொரண்டோவில் 8.30, லண்டனில் 1.30.

7 மணிக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பத்தொன்பது பேர். பேச வேண்டிய டொரண்டோக்காரரையே காணோம். நானே பேசினேன். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் அறுந்துவிட்டது, மறுபடி அதே இணைப்பில் வரச் சொன்னோம், பதினொரு பேர் வந்தார்கள். நன்றி சொல்லி முடிக்கப்போகிற நேரம், சரியாக 8 மணிக்கு, டொரண்டோவும் லண்டனும் மளமளவென்று உள்ளே வந்தன. "வணக்கம் அக்கா, நாங்கள் நேரத்துக்கு வந்திட்டம்" என்றார் அவர் சிரித்துக்கொண்டு. அவர் மேல் தவறில்லை, படத்தில் போட்ட நேரத்துக்கு வந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒன்பதே காலுக்கு முடிந்தது. இனிமேல் நான்கு ஊர் நேரம் போடுவதில்லை. கூகுள் நாட்காட்டியில் நிகழ்வாகப் போட்டு அந்த இணைப்பை அனுப்பினால் அவரவர் போனில் அவரவர் நேரம் தானாக வருகிறது.

கணக்கு என்னவென்றால், பத்து நாளில் காகிதப் பிரதி 66 போயிற்று. அதில் 21 சமையல் பதிவர் வழியாக. ஏழாம் நாள் அவர், கண்மாய் வற்றும்போது மீன்பிடிக்கிற என் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு அயிரைக் குழம்பு வைத்துப் படம் போட்டிருந்தார், அயிரையை உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்கவைப்பது உட்பட. செங்கல்பட்டு ஏரி 13. பறவை 11. நான் மிகவும் எதிர்பார்த்த இலக்கிய மதிப்புரை 2. அது நல்ல மதிப்புரை, என் நடையில் இருக்கும் ஒரு கோளாறைச் சரியாகப் பிடித்திருந்தார். வாசித்தவர்களுக்கு அந்த மதிப்புரையே போதுமானதாக இருந்திருக்கும் போல. ஊருணிக் கதையைப் போட்ட சிறுவர் பதிவில் ஒன்றுகூட விற்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர் ஊருணியை வரைந்து படமெடுத்து அனுப்பினார்கள். அதை எந்தக் கணக்கில் எழுத என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

தபால் பற்றி இரண்டு வரி. 2025 மே மாதம் அஞ்சல் துறை ஞான் போஸ்ட் என்று புத்தகங்களுக்கு ஒரு சேவை தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. என் புத்தகம் 220 கிராம். மூலை மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டியபோது 310 ஆகிவிட்டது. அட்டையை ஒன்றாக்கினேன், 265. உறைமேல் சேவையின் பெயரை எழுத வேண்டும். தரை வழியாகப் போவதால் மெதுவாகத்தான் போகும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை.

விற்பனைத் தளத்தில் என் மைத்துனர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார், இரண்டாம் நாள் காணாமல் போய்விட்டது. உறவினர் மதிப்புரை கூடாது என்பது விதி. அவரிடம் அதை விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நவம்பர் இரண்டாம் வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கரையைப் பற்றிய பகுதியில் ஒரு மில்லியன் கன அடி என்றால் 28 லட்சம் லிட்டர் என்று போட்டிருக்கிறீர்களே அம்மா, அது 2 கோடியே 83 லட்சம் அல்லவா என்று கேட்டிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், நான் எங்கோ ஒரு சுழியைத் தின்றிருக்கிறேன். மெய்ப்புப் பார்த்த மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. மின்நூலில் அன்றே திருத்திவிட்டேன். பெட்டியில் மிச்சமிருக்கும் பிரதிகளுக்கெல்லாம் திருத்தச் சீட்டு அச்சடித்து 87ஆம் பக்கத்தில் செருகிக்கொண்டிருக்கிறோம், சாயங்காலம் சாயங்காலம் அக்காவும் நானும்.

அந்தப் பத்தி மூன்று வலைப்பூவில் போயிருந்தது. மூவருக்கும் எழுதினேன். பறவைப் பதிவர் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார். புகைப்படப் பதிவர் பழையதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதியதை எழுதி, திருத்தியவருக்கு நன்றியும் போட்டிருந்தார். மூன்றாமவர் பதிவில் இன்னும் 28 லட்சம்தான் இருக்கிறது. கடவுச்சொல் மறந்துவிட்டதாம், மகள் பொங்கலுக்கு வந்ததும் மாற்றுகிறேன் என்றிருக்கிறார்.